டெலிபோன் கம்பியில் பிராட்பேண்ட்: பிரிட்டனில் நம்மவர்கள் செய்யும் தவறுகள்

வேல்ஸில் அபர்ஹோசன் என்று ஒரு சின்ன கிராமம். ஒன்றரை வருஷமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க இணையம் படுத்துவிடும். கேபிளை மாற்றிப் பார்த்தார்கள், பலனில்லை. கடைசியில், பிரிட்டனின் டெலிபோன் கம்பிகளைப் பராமரிக்கும் ஓப்பன்ரீச் நிறுவனப் பொறியாளர்கள் மின் இரைச்சலை அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு, விடியற்காலை மழையில் ஊரைச் சுற்றி நடந்தார்கள். ஏழு மணி ஆனதும் கருவி துள்ளியது. ஒரு வீட்டில் அந்த நேரத்துக்குத்தான் பழைய டிவி ஒன்றைப் போடுவார்களாம். அது கிளப்பிய இரைச்சல், இணையம் வந்த ஊர் டெலிபோன் கம்பிகளை எல்லாம் கெடுத்துக்கொண்டிருந்தது. 2020 செப்டம்பரில் இந்தச் செய்தி வந்தபோது பலரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, என் வீட்டிலும் அப்போது அதே மாதிரிக் கம்பிதான்.

பேசுவதற்கு அந்தக் கம்பிக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை போதும். அதற்காகத்தான் அதைப் போட்டார்கள். டெலிபோன் கம்பியில் இணையம் தரும் முதல் தலைமுறை முறையான ஏடிஎஸ்எல் வந்தபோது அதே கம்பியில் 1.1 மெகாஹெர்ட்ஸ் வரை ஏற்றினார்கள். பிரிட்டன் வீடுகளில் ஓடும் அதன் வேகமான வாரிசு விடிஎஸ்எல்2 சுமார் 17 மெகாஹெர்ட்ஸ் வரை போகிறது. அதிர்வெண் ஏற ஏற, தூரம் போகப் போக சிக்னல் சீக்கிரம் தேய்ந்துவிடும். பக்கத்துக் கம்பியின் இரைச்சலும் பழைய டிவியின் இரைச்சலும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும்.

இது தெரியாததால் வரும் முதல் தவறு, பெயரை நம்புவது. பல வருஷமாக இங்கே 'ஃபைபர்' என்று விற்றதில் பெரும்பகுதி பாதி ஃபைபர்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து தெருவோரப் பச்சைப் பெட்டி வரை கண்ணாடி இழை, அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செம்பு டெலிபோன் கம்பி. சில இடங்களில் செம்புகூட இல்லை, செம்பு விலை ஏறிய காலத்தில் போட்ட அலுமினியம். 80 எம்பிபிஎஸ் (நொடிக்கு 80 மெகாபிட்) வேகம் என்பது பெட்டியை ஒட்டி இருப்பவர்களுக்கு. ஒரு கிலோமீட்டர் கம்பி என்றால் 25 வந்தாலே பெரிது. வாசலில் பெட்டி இருக்கிறதே என்று சந்தோஷப்படவும் முடியாது. உங்கள் கம்பி வேறு பெட்டிக்கு, ஊரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். 2024 செப்டம்பர் 16 முதல், வீடு வரை இழை வந்தால் மட்டுமே ஃபைபர் என்று சொல்லி விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வழிகாட்டியிருக்கிறது. அதற்கு முன்னால் எடுத்த இணைப்பா? என்ன வகை என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தம் போடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஆஃப்காமின் வேக விதிமுறையில் சேர்ந்துள்ள நிறுவனங்கள், உங்கள் இணைப்புக்கு உறுதியாகக் கிடைக்கும் குறைந்தபட்ச வேகத்தைச் சொல்லியே ஆக வேண்டும். வேகம் அதற்குக் கீழே விழுந்து, 30 நாளில் சரிசெய்யவில்லை என்றால் அபராதம் இல்லாமல் வெளியேறலாம். நம்மவர்கள் அந்த வேகத்தைச் சொல்லி வரும் மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. புகார் செய்வதற்கு முன் லேப்டாப்பை ரவுட்டரோடு வயர் போட்டு இணைத்து அளந்துகொள்ளுங்கள். மாடி அறையில் வைஃபையில் எடுத்த கணக்கு கம்பியின் கணக்கு அல்ல. எம்பிபிஎஸ் என்பது மெகாபிட், எட்டால் வகுத்தால்தான் மெகாபைட் வரும். 80 வாங்கியவருக்கு நொடிக்கு 10 மெகாபைட் இறங்கினால் அது குறையே இல்லை.

நான் செய்த தவறு இன்னும் மோசம். முந்தைய வீட்டில் வேகம் குறைகிறது என்று மாதக்கணக்கில் வாடிக்கையாளர் சேவையோடு மல்லுக்கட்டினேன். கோளாறு என் காலடியில் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் கார்ப்பெட்டுக்கு அடியில் தட்டையான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை மாடிக்கு இழுத்திருந்தார். ரவுட்டர் அதன் கோடியில் இருந்தது. அந்த மாதிரி வயர் இரைச்சலை இழுக்கும் நல்ல ஆன்டெனா! பழைய வீடுகளில் மணி அடிப்பதற்கென்று சாக்கெட்டுகளுக்கு இடையே மூன்றாவதாக ஒரு வயர் ஓடும், அதுவும் அப்படித்தான். வழி எளிது. வெளியிலிருந்து கம்பி வந்து சேரும் முதன்மை சாக்கெட்டின் கீழ்ப்பாதி முகப்பைக் கழற்றினால் உள்ளே ஒரு டெஸ்ட் சாக்கெட் இருக்கும். பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் சின்ன ஃபில்டர் ஒன்றின் வழியாக ரவுட்டரை அதில் மாட்டிப் பாருங்கள். வேகம் ஏறினால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஏறவில்லை என்றால் அப்புறம் நிறுவனத்தைக் கூப்பிடலாம், 'டெஸ்ட் சாக்கெட்டிலும் பார்த்துவிட்டேன்' என்று சொன்னால் பாதிக் கேள்விகள் குறையும். முதன்மை சாக்கெட்டிலேயே ஃபில்டர் இல்லாத வீடுகளில் போன், அலாரம் என்று மாட்டிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபில்டர் வேண்டும். ஒன்றை விட்டாலும் மொத்தமும் ஆடும்.

சும்மா சும்மா ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வதும் தவறுதான். உங்கள் இணைப்பு எத்தனை தடவை விழுந்து எழுகிறது என்று மறுமுனையில் ஒரு தானியங்கி அமைப்பு எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஒரே நாளில் பத்துத் தடவை அணைத்தால், கம்பி நிலையாக இல்லை என்று முடிவு கட்டி வேகத்தைக் குறைத்துவிடும். ஏறுவதற்கு நாள்கணக்காகும். கோபத்தை ரவுட்டர் பட்டனில் காட்டாதீர்கள்.

'செம்பிலேயே ஜிகாபிட் வரப்போகிறதாமே, காத்திருக்கலாமா?' என்று இப்போதும் யாராவது கேட்கிறார்கள். வரக்கூடியதுதான். விடிஎஸ்எல்2-க்கு அடுத்து வந்த ஜி.ஃபாஸ்ட் முறை 106 அல்லது 212 மெகாஹெர்ட்ஸ் வரை போய், நூறு மீட்டருக்குள் ஜிகாபிட்டைத் தொடும். அதற்கு அடுத்த தலைமுறைக்கும் தரநிலை எழுதியாகிவிட்டது. ஆனால் அந்த வேகத்துக்கு இழையை வீட்டு வாசல் வரை கொண்டுவர வேண்டும். அவ்வளவு தூரம் வந்தவர்கள் ஏன் வாசலில் நிற்க வேண்டும்? பச்சைப் பெட்டிகளின் பக்கவாட்டில் சின்னப் பெட்டி ஒட்டி 330 எம்பிபிஎஸ் வரை கொடுத்த ஓப்பன்ரீச்சே, 2019-இல் அதைப் புது இடங்களுக்குப் பரப்புவதை நிறுத்திவிட்டு முழு ஃபைபருக்குத் திரும்பிவிட்டது. ஒரு எக்ஸ்சேஞ்சின் கீழ் 75 சதவீத இடங்களுக்கு முழு ஃபைபர் வந்துவிட்டால், முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அங்கே புதிதாகச் செம்பு இணைப்பு விற்பதையே நிறுத்துகிறார்கள். இந்த நிலையில் இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டுச் செம்பில் மாட்டிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

2027 ஜனவரி 31 என்ற தேதியைப் பற்றியும் குழப்பம் இருக்கிறது. அன்றோடு முடிவது பழைய டெலிபோன் சேவைதான், செம்புக் கம்பி அல்ல. முழு ஃபைபர் வராத வீட்டில் அதே கம்பியில் பிராட்பேண்ட் தொடரும், போன் மட்டும் ரவுட்டருக்குப் பின்னால் மாட்டப்படும். எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்ததால் பழைய போன் கரண்ட் போனாலும் வேலை செய்தது. ரவுட்டரில் மாட்டிய போன் அப்படி வேலை செய்யாது. முதியவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர பட்டன் பலருக்கும் அந்தக் கம்பியை நம்பித்தான் இருக்கிறது. புது முறைக்கு மாற்றியபின் சில வீடுகளில் அது வேலை செய்யாமல் போனதும், 2025 கடைசி என்றிருந்த கெடுவைத் தள்ளிப்போட ஒரு காரணம். அம்மா அப்பா அந்த பட்டனோடு இருந்தால் போன் நிறுவனத்துக்கும் பட்டன் கொடுத்தவர்களுக்கும் இப்போதே சொல்லிவையுங்கள். லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்குக் குறைந்தது ஒரு மணி நேர பேட்டரி ஏற்பாடு உண்டு, கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் அந்த நம்பர். நிறுவனம் மாறும்போது பழைய இணைப்பை நீங்களே முந்திக்கொண்டு ரத்து செய்தால், ஊரில் எல்லோருக்கும் கொடுத்து வைத்திருக்கும் லேண்ட்லைன் நம்பர் அதோடு போய்விடக்கூடும். புது நிறுவனத்திடம் நம்பரையும் கொண்டுவர வேண்டும் என்று முதலில் சொல்லுங்கள், பழையதை அவர்கள் முடித்துக்கொள்வார்கள்.