சிலப்பதிகாரத்தை மறுபடி படிக்கும்போது எங்கே தவறுகிறோம்?

பள்ளிக்கூடத்தோடு சிலப்பதிகாரம் நமக்குத் 'தெரிந்த கதை' ஆகிவிட்டது. மறுவாசிப்புக்கு அதுதான் பெரிய இடைஞ்சல். மாதவி குடியைக் கெடுத்தவள், கண்ணகி வாய் திறக்காதவள் என்று தீர்ப்பை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு உட்கார்ந்தால் எந்த வரியும் கண்ணில் படாது.

மாதவியின் ஓலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைக்குப் போகும் வழியில், அவள் அனுப்பிய கோசிகன் என்ற அந்தணன் அதைக் கோவலனிடம் கொடுக்கிறான். 'அடிகள் முன்னர் யான் அடி வீழ்ந்தேன்' என்று தொடங்குகிறாள். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய பணியையும் விட்டுவிட்டு, மனைவியோடு இரவில் கிளம்பும்படி நான் செய்த பிழைதான் என்ன என்று கேட்கிறாள். அவள்மேல் குற்றமில்லை, எல்லாம் தன் தவறு என்று கோவலனுக்கு உறைக்கிறது. அடுத்து அவன் செய்வதுதான் விசேஷம். தான் பெற்றோரிடம் சொல்ல வேண்டியதற்கும் இந்த வாசகம் அப்படியே பொருந்துகிறதே என்று, அதே ஓலையை அவர்களிடம் காட்டச் சொல்லி அனுப்பிவிடுகிறான்! கோவலன் கொலையுண்ணும் கொலைக்களக் காதைக்கு (காதை என்றால் காப்பியத்தின் ஒரு பகுதி) ஓடும் அவசரத்தில் இதையெல்லாம் தாண்டிவிடுகிறோம்.

ஓடிப்போய்ச் சேர்ந்த அந்தக் காதையிலும் ஒன்றைத் தவறவிடுகிறோம். கோவலன் சிலம்பை விற்கக் கிளம்புமுன் கண்ணகி பேசுகிறாள். விருந்தினரை எதிர்கொள்ளும் பேறுகூட எனக்கு இல்லாமல் போயிற்று, உங்கள் பெற்றோர் வந்தபோது பொய்யாகச் சிரித்து என் துயரத்தை மறைத்தேன் என்கிறாள். 'போற்றா ஒழுக்கம் புரிந்தீர்' என்று முகத்துக்கு நேரே சொல்லியும்விடுகிறாள்.

இங்கே எதிர்த்திசையில் ஒரு தவறு காத்திருக்கிறது. அந்த மூன்று சொற்களை மட்டும் பிய்த்தெடுத்து, கண்ணகியை இன்றைய போராளியாக்கிவிடுவது. மாறாத மனம் உடையவள் என்பதால் நீங்கள் கூப்பிட்டதும் எழுந்து வந்தேன் என்று அதே மூச்சில் சொல்கிறாளே, அதை என்ன செய்வது? குற்றச்சாட்டும் கூடவே வருவதும் ஒரே வாக்கியத்தில் இருப்பதுதான் அவளுடைய கனம். புதுப் பொருள் தேடுகிறவர்கள் பாதி வரியோடு நிறுத்தக் கூடாது.

உரையை எப்போது திறப்பது? என் வழக்கம், மூலம் முதலில், உரை அப்புறம். அரங்கேற்று காதை மட்டும் விதிவிலக்கு. பழைய உரையாசிரியர் அடியார்க்குநல்லார் இல்லாமல் அதிலுள்ள இசை, கூத்துச் செய்திகள் பிடிபடாது.

மதுரை எரிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறவர்களும் நிறையப் பேர். வஞ்சிக் காண்டம் என்றால் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்த கதைதானே என்று நினைப்பு. அதில் நீர்ப்படைக் காதையை மட்டுமாவது படியுங்கள். அடைக்கலம் கொடுத்த மாதரி தீயில் விழுந்ததையும், மாதவி துறவு பூண்டதையும் மாடலன் என்ற மறையவன் வாயால் அங்கேதான் கேட்கிறோம்.