தொழிற்பயிற்சிக்கு நன்கொடைப் பொருள் திரட்டும்போது நேரும் தவறுகள்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இளைஞர்களுக்கு வெல்டிங், தச்சு, வயரிங் சொல்லித்தரும் பட்டறைக்கு இந்தப் பழமொழி ஒத்துவராது. பல்லோடு குளம்பையும் பார்த்த பிறகுதான் மாட்டை ஓட்டி வர வேண்டும். இலவசமாக வந்ததற்கும் வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, வைக்க இடம், தரம் பிரிக்கும் நேரம், கடைசியில் அப்புறப்படுத்தும் செலவு எல்லாம் உண்டு.

"உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்பது

இப்படிக் கேட்டால் கொடுப்பவர் தனக்கு வேண்டாததைத்தான் தருவார்: பாதி காய்ந்த பெயின்ட், கட்டி தட்டிய சிமென்ட், எதற்கும் பொருந்தாத ஃபிட்டிங். எந்தப் பயிற்சிக்கு எத்தனை துண்டு வேண்டும் என்ற கணக்கைப் போட்ட பிறகே கேட்கக் கிளம்ப வேண்டும்.

வெல்டிங்கையே எடுத்துக்கொள்வோம். 15 மாணவர்கள், வாரத்துக்கு ஆளுக்கு 8 இணைப்பு, ஒவ்வொரு இணைப்புக்கும் 150×75×6 மி.மீ. அளவில் இரண்டு தகடு. ஒரு தகட்டின் எடை சுமார் 530 கிராம். ஆக, வாரத்துக்கு 240 தகடு, ஏறக்குறைய 127 கிலோ இரும்பு. இந்த எண்ணோடு போனால், "6 மி.மீ. கனம், 75 மி.மீ.க்குக் குறையாத அகலம், துரு பரவாயில்லை, பெயின்ட் கூடாது" என்று ஃபேப்ரிகேஷன் பட்டறையில் துல்லியமாகக் கேட்கலாம். நேர்கோட்டில் பீட் (உருகி உறையும் உலோக வரி) ஓட்டிப் பழகும் முதல் சில நாட்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. ஒரே தகட்டின் இரு பக்கத்தையும் நிரப்பிப் பழகலாம்.

தச்சுக்கு முழுப் பலகை கேட்பது வீண். ஹாஃப் லேப், மார்ட்டிஸ்-டெனான் இணைப்புகளைப் பழக 50×25 மி.மீ. குறுக்களவில் 300 மி.மீ. நீளத் துண்டு போதும். மரவேலைக் கூடங்களில் அந்த நீளம் தினமும் குப்பைக்குப் போகிறது. கொத்து வேலைக்கு சிமென்டே கேட்காதீர்கள். சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தில் கட்டினால் மறுநாள் சுவரைப் பிரித்து, செங்கல்லைத் தட்டிச் சுத்தம் செய்து, சாந்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து மீண்டும் கட்டலாம். 215×65 மி.மீ. முகமுள்ள செங்கல், 10 மி.மீ. சாந்து இடைவெளி என்றால் அரைச் செங்கல் சுவருக்கு சதுர மீட்டருக்கு 60 கல். அதே கற்கள் பல வாரங்களுக்கு வரும்.

முதலாளியிடம் மட்டும் பேசிவிட்டு வருவது

அனுமதி தருபவர் முதலாளி. எந்தக் கழிவுத் தொட்டி எந்தக் கிழமை நிறைகிறது என்று தெரிந்தவர்கள் ஃபோர்மேனும் ஸ்டோர் கீப்பரும். பட்டியல் அவர்கள் கையில் இருக்க வேண்டும். சரக்குக் கணக்கெடுப்பு நெருங்கும்போதும், பெரிய வேலை ஒன்று முடியும் தறுவாயிலும் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வியாழக்கிழமை எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை போனால், இடத்தை அடைத்துக் கிடந்த சரக்கு பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

பலர் மறந்துவிடுவது இது: சுத்தமான இரும்புத் துண்டும் செம்புக் கம்பியும் குப்பையல்ல, எடைக்கு விலை போகும் சரக்கு. சில நிறுவனங்கள் கழிவை ஒரே வியாபாரிக்கு விற்பதாக ஒப்பந்தமே போட்டிருக்கும். அங்கே தானம் கேட்பதை விடக் கடன் கேட்பது நல்லது. எடை போட்டு வாங்கி, வெல்டிங் பழகிய துண்டுகளை எடை போட்டுத் திருப்பித் தரலாம். பழைய இரும்பின் எடை அப்படியே திரும்புவதால் கொடுப்பவருக்குப் பெரிய இழப்பில்லை.

பார்க்காமல் ஏற்றுவது

ஆபத்தெல்லாம் இங்கேதான் இருக்கிறது. வெள்ளிப் பளபளப்பும் படிகம் போன்ற புள்ளிகளும் கொண்ட குழாயோ தகடோ வந்தால் அது கால்வனைஸ் செய்தது, அதாவது துத்தநாகம் பூசியது. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். வெல்டிங் ஆர்க்கின் சூடு அதைவிடப் பல மடங்கு. அந்த வெள்ளைப் புகையை இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், உடல்வலி வரும். மஞ்சள் பூச்சுள்ள போல்ட்டில் இருப்பது துத்தநாகமா காட்மியமா என்று கண்ணால் சொல்ல முடியாது. காட்மியப் புகை நுரையீரலையே அழிக்கும் என்பதால் மஞ்சள் பூச்சு எதையும் வெல்டிங் மேசைக்குக் கொண்டுவர வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். காலி டிரம்களைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்; உள்ளே தங்கிய ஆவி, வெட்டும்போதோ ஒட்டும்போதோ வெடிக்கும்.

எலக்ட்ரோடு (வெல்டிங் குச்சி) பாக்கெட்டைத் திறந்து பார்த்து வாங்குங்கள். 7018 வகை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கான அடுப்பில் உலர்த்தாமல் போட்டால் ஹைட்ரஜன் புகுந்து வெல்டிங் பற்றில் விரிசல் விடக்கூடும். பயிற்சிக்கு 6013 வகை போதும். பூச்சு உதிர்ந்தாலும், உள்கம்பி துருப்பிடித்திருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

பாலெட் (சரக்கு அடுக்கும் மரத் தட்டு) கட்டைகளில் ஒரு முத்திரை இருக்கும். ஆங்கில எழுத்துகளில் "எச்டி" (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். "எம்பி" (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயு ஏற்றியது, வேண்டாம். முத்திரை இல்லாததையும், எண்ணெய்க் கறையோ ரசாயன வாடையோ உள்ளதையும் தவிருங்கள். பச்சை படிந்த பழைய வெளிப்புற மரத்தில் ஆர்செனிக் கலந்த பாதுகாப்புப் பூச்சு ஏறியிருக்கலாம். இழைத்தால் அந்தத் தூசி மூக்குக்குள் போகும். ஆணியைத் தேடாமல் இழைப்பு இயந்திரத்தில் விட்டால் பிளேடு போய்விடும். பலகையின் மேல் ஒரு காந்தத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

பழைய வயரை விரலில் சுற்றிப் பாருங்கள். உறை வெடித்தால் அது ஆகாது. கழற்றி வந்த எம்.சி.பி.யை (மின்சுமை மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) மின்சாரம் பாயாத போர்டில் பொருத்திப் பழகலாம், உயிருள்ள இணைப்புக்குக் காவலாக வைக்கக் கூடாது. மைக்ரோவேவ் அவனைப் பிரிக்கக் கொடுக்கவே வேண்டாம். அதன் கெபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும்.

குழாய் ஃபிட்டிங்குகளில் இன்னொரு வகைத் தொல்லை. பி.எஸ்.பி., என்.பி.டி. என்ற இரு மரை வகைகளுக்கும் அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் அங்குலத்துக்கு 14 மரைதான். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் சில சுற்று சுலபமாக ஏறும், பிறகு ஒழுகும். பையன் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து டேப்பைச் சுற்றிக்கொண்டே இருப்பான்.

பாதுகாப்புச் சாதனத்தையும் தானமாகத் தேடுவது

கண்ணாடி, கையுறை, முகமூடி ஆகியவற்றைப் புதிதாக வாங்குங்கள். பணமாக வரும் நன்கொடையை இதற்கு ஒதுக்கலாம். கிரைண்டிங் டிஸ்க்கும் இந்தக் கணக்கில்தான் வரும். பிசினால் பிணைத்த டிஸ்க்கின் ஆயுள் தயாரித்ததிலிருந்து பொதுவாக 3 ஆண்டு. பல டிஸ்க்குகளின் நடு வளையத்திலேயே காலாவதித் தேதி அடித்திருக்கும். ஈரத்தில் கிடந்தது, விளிம்பு சிதைந்தது எதுவும் வேண்டாம். 125 மி.மீ. டிஸ்க்குக்கு வழக்கமான உச்ச வேகம் நிமிடத்துக்கு 12,200 சுற்று, 180 மி.மீ.க்கு சுமார் 8,500. மூடியைக் கழற்றிவிட்டு பெரிய டிஸ்க்கைச் சின்ன கிரைண்டரில் மாட்டினால் அது சிதறிப் பறக்கும்.

மின்சாரம் பார்க்காமல் இயந்திரம் வாங்குவது

பெரிய லேத் ஒரு டன்னைத் தாண்டும். இறக்க கிரேன், தாங்க கான்கிரீட் தரை வேண்டும். பெரும்பாலானவை மூன்று ஃபேஸ். பட்டறையில் ஒற்றை ஃபேஸ் மட்டும் இருந்தால் மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படியுங்கள். சிறிய மோட்டாராக இருந்து 230/400 வோல்ட் என்று எழுதியிருந்தால், டெல்டாவில் (முக்கோண இணைப்பில்) இணைத்து, ஒற்றை ஃபேஸை மூன்று ஃபேஸாக மாற்றித் தரும் வி.எஃப்.டி. கருவி வழியாக ஓட்டலாம். 400/690 என்றிருந்தால் அந்த வழி இல்லை. சக் சாவி, மூடி, அவசர நிறுத்தப் பொத்தான் இல்லாத இயந்திரத்தை, அவற்றைப் போட ஆகும் செலவைக் கேட்டறியாமல் ஏற்றாதீர்கள்.

எழுத்தில் எதுவும் இல்லாமல் வாங்குவது

தேதி, பொருள், எடை அல்லது எண்ணிக்கை, "உள்ளது உள்ளபடி கொடுக்கப்பட்டது" என்ற ஒரு வரி, இரு தரப்புக் கையெழுத்து இவ்வளவு போதும். மதிப்பை நீங்கள் எழுதாதீர்கள். வரிச்சலுகை கேட்பது கொடுத்தவரின் கணக்கு. பொருந்தாததைத் திருப்பி அனுப்பும் உரிமையையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வாங்கிப் பின்கட்டில் குவித்தால், அடுத்த முறை அதே குப்பையைத்தான் ஆசையாக எடுத்து வைத்திருப்பார்கள். அவர்கள் தந்த தகட்டில் மாணவர் போட்ட முதல் நல்ல வெல்டிங் பற்றைப் படமெடுத்து ஃபோர்மேனுக்கு அனுப்புங்கள். அடுத்த லோடில் பெயின்ட் அடித்த துண்டுகளை அவரே ஒதுக்கி வைப்பார்.