கொழும்பு வெக்கைக்கு ஏற்ற செடித் தொட்டி: இரண்டடிக் கண்ணாடியில் கிரிப்டோ வளர்ப்பது எப்படி?

மீன் தொட்டிக்குள் தண்ணீர்ச் செடி வளர்ப்பதைத்தான் இங்கே செடித் தொட்டி என்கிறோம். இணையத்தில் தேடினால் வரும் செடித் தொட்டிப் படங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுத் தொட்டிகள். தரையெல்லாம் புல், பக்கத்தில் காபனீரொட்சைட்டு சிலிண்டர், 24 பாகையில் தண்ணீர். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடியில் இருக்கிறவருக்கு அது சரிவராது. இங்கே வீட்டுக்குள் வைத்த தண்ணீரே 28, 29 பாகையில் நிற்கும். மார்ச், ஏப்ரலில் 30ஐயும் தொடும். அந்தச் சூட்டில் அந்தச் செடிகளில் பல வாடிப்போகும், சிலிண்டருக்குக் கொடுத்த காசும் வீண்.

ஆனால் உலகம் முழுக்க மீன் வளர்ப்பவர்கள் தேடி வாங்கும் கிரிப்டோகொரைன் (சுருக்கமாக கிரிப்டோ) செடிகள் சில நம் நாட்டுக்கே உரியவை. வென்டி, பெக்கெட்டி, வாக்கரி, பார்வா எல்லாம் இலங்கையின் ஆறுகளிலும் ஓடைகளிலும் மட்டுமே இயற்கையாக வளர்பவை. பெரும்பாலானவற்றுக்கு மங்கலான வெளிச்சம் போதும், சிலிண்டர் தேவையில்லை. வென்டிக்கு நம் வெக்கையும் பிரச்சினை இல்லை. ஆகவே இந்தத் தொட்டியை கிரிப்டோவை நடுவில் வைத்தே அமைக்கப் போகிறோம். ஒன்று மட்டும்: ஓடையில் இறங்கிப் பிடுங்கி வராதீர்கள். பண்ணையில் வளர்த்த செடி கடையில் தாராளமாகக் கிடைக்கிறது.

படி 1: தொட்டியும் இடமும்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். சுமார் 55 லீற்றர் பிடிக்கும். முதல் தொட்டி சின்னதாக இருந்தால் சுலபம் என்று நினைப்பது வழக்கம். உண்மை நேர்மாறு. தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் அழுக்கும் சட்டென்று ஏறும்.

தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 75 கிலோவை நெருங்கும், ஆகவே ஆடாத மேசை வேண்டும். அடியில் ஒரு ரெஜிபோம் தகடு விரித்தால் மேசையின் சிறு மேடுபள்ளம் கண்ணாடியை உடைக்காது. ஜன்னல் வெயில் நேரே விழும் இடம் வேண்டாம், பாசிக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. வயர்கள் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

படி 2: மணல்

ஹாட்வெயார் கடையில் வாங்கிய ஆற்று மணலே போதும், ஏறக்குறைய 15 கிலோ. வெள்ளவத்தைக் கடற்கரை பக்கத்தில்தானே என்று அந்த மணலை அள்ளி வராதீர்கள். அதில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கும், தண்ணீர் கடினமாகிவிடும். சந்தேகமான மணலிலோ கல்லிலோ வினாகிரி சில துளி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, விட்டுவிடுங்கள். முருகைக்கல்லுக்கும் இதே கதைதான்.

கழுவுவதுதான் பொறுமை கேட்கும் வேலை. வாளியில் கால்வாசி மணல் போட்டு, தண்ணீர் விட்டு, அடியிலிருந்து கையால் கிளறுங்கள். முதலில் பால்தேநீர் நிறத்தில் கலங்கும். ஊற்றிவிட்டுத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கிளறிய பிறகும் வாளியின் அடி தெரிந்தால் முடிந்தது. சவர்க்காரம் கிட்டவும் வரக்கூடாது.

முன்பக்கம் ஒன்றரை அங்குலம், பின்பக்கம் மூன்று அங்குலம் என்று சரிவாகப் பரப்புங்கள். தொட்டி இருப்பதைவிட ஆழமாகத் தெரியும்.

படி 3: அமைப்பு

தொட்டியின் அடியளவுக்கு ஒரு பத்திரிகைத் தாளை வெட்டி மேசையில் விரியுங்கள். கல்லையும் மரக்கட்டையையும் முதலில் அதன்மேல் அடுக்கிப் பாருங்கள். தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவுவதைவிட இது எவ்வளவோ மேல். பெரிய பொருளை நட்டநடுவில் வைக்காமல், நீளத்தை மூன்றாகப் பிரித்து ஒரு கோட்டருகே வையுங்கள். கல் மூன்று என்றால் ஒன்று பெரிதாக, மற்றவை அதற்குத் துணையாக இருக்கட்டும். மூன்றும் ஒரே அளவென்றால் அடுப்புக்கல்தான் ஞாபகம் வரும்.

மரக்கட்டையை அவித்து, அது தாழும் வரை வாளியில் ஊறப்போடுங்கள். அதற்குப் பிறகும் தண்ணீர் தேநீர் நிறமாகலாம். அது மீனுக்குக் கெடுதல் இல்லை. பிளாஸ்டிக் கோட்டையும் வாய் திறக்கும் புதையல் பெட்டியும் உங்கள் விருப்பம். நான் வைக்க மாட்டேன்.

படி 4: நடுவது

தொட்டியில் இரண்டு அங்குலம் மட்டும் தண்ணீர் விட்டுக்கொண்டு நடுங்கள். செடியைச் சின்னச் சட்டியிலிருந்து எடுத்து, வேரைச் சுற்றியுள்ள பஞ்சை முடிந்தவரை பிரித்து எடுங்கள். வேரை ஓர் அங்குல நீளத்துக்கு நறுக்குங்கள். நீண்ட இடுக்கியால் வேர்ப்பகுதியைப் பிடித்து, சற்றுச் சரிவாக மணலுக்குள் செலுத்தி, பிடியைத் தளர்த்தி, இடுக்கியை மெதுவாக உருவுங்கள். இலைகள் கிளம்பும் கழுத்து மணலுக்கு மேலே தெரியவேண்டும், புதைந்தால் அழுகும்.

முன்னால் பார்வா, நடுவில் வென்டி, பின்னால் நாடா போன்ற வலிஸ்நேரியா. பார்வா ஆமை வேகத்தில்தான் வளரும், ஆகவே முதலிலேயே கொஞ்சம் கூட வாங்குங்கள். அனுபியாசும் ஜாவா பன்னமும் மணலில் நடுகிறவை அல்ல. அவற்றின் தடித்த தண்டை நூலால் மரக்கட்டையில் கட்டிவிடுங்கள். கிரிப்டோ வேரால் சாப்பிடும் செடி, வெறும் மணலில் அதற்குத் தீனி இல்லை. ஒவ்வொரு செடியடியிலும் ஓர் உர வில்லையைப் புதைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பியுங்கள். பிறகு மணல்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மீது தண்ணீரை மெல்ல ஊற்றித் தொட்டியை நிரப்புங்கள்.

இனி வருவது புதியவர்களை அழவைக்கும் கட்டம். நட்ட ஒன்றிரண்டு கிழமைக்குள் கிரிப்டோ இலைகள் ஓட்டை விழுந்து, கண்ணாடி மாதிரி ஆகி, கூழாகக் கரையும். செடி செத்துவிட்டதென்று பிடுங்கி எறிகிறவர்கள் ஏராளம். செய்யாதீர்கள். பண்ணைகளில் இவற்றைப் பெரும்பாலும் ஈரக்காற்றில், இலை தண்ணீருக்கு மேலே நிற்கும்படி வளர்க்கிறார்கள். அந்த இலைக்குத் தண்ணீருக்குள் வாழத் தெரியாது. கரைந்ததை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு, வேரைத் தொடாமல் விடுங்கள். சில கிழமைகளில் நடுக்கழுத்திலிருந்து புது இலை சுருளாக வரும், அது தண்ணீருக்கென்றே பிறந்த இலை. அதன் பிறகு இடம் மாற்றினாலும், தண்ணீர் திடீரென்று மாறினாலும் இதே நாடகம் மறுபடி நடக்கலாம். ஆகவே நட்ட இடத்திலேயே இருக்க விடுங்கள்.

படி 5: குழாய்த் தண்ணீர்

நீர் வழங்கல் சபை தரும் தண்ணீரில் குளோரின் உண்டு. கடையில் விற்கும் அன்டி குளோரினைப் போத்தலில் சொன்ன அளவுக்கு விடுங்கள். வாளியில் ஒரு நாள் வைத்தாலும் குளோரின் பறந்துவிடும், ஆனால் வாளியை நெருக்கமான துணியால் மூடிக் கட்டுங்கள். திறந்த தண்ணீர் டெங்கு நுளம்புக்குப் பிரசவ அறை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து பார்த்தால் செடித் தொட்டிக்கென்று எடுத்துவைத்தது என்ற விளக்கம் எடுபடாது.

படி 6: லைட், பில்டர், காத்திருப்பு

சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. போதும். ஒரு டைமர் மாட்டி முதலில் ஆறு மணித்தியாலம், செடி பிடித்த பிறகு எட்டு. பில்டருக்கு காற்றுப் பம்புடன் ஸ்பொஞ்ச் பில்டர் வைத்தால் விலையும் குறைவு, செடிக்கும் தொந்தரவில்லை.

மீன் உடனே வேண்டாம். மீன் கழிவிலிருந்து அமோனியா வரும், அது நஞ்சு. ஒருவகை பக்டீரியா அதை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும். இந்தக் கூட்டம் ஸ்பொஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு கிழமை பிடிக்கலாம். தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு வாருங்கள், அது அழுகி பக்டீரியாவுக்குத் தீனியாகும். தெரிந்தவர் வீட்டுப் பழைய ஸ்பொஞ்சை இங்கே பிழிந்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். சோதனைக் கிட்டில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டினால் மீன் விடலாம். இடையில் கண்ணாடியில் கபிலநிறத் தூசி படியும். துடைத்துவிடுங்கள், தானாகக் குறையும்.

படி 7: மீன்

செரி பார்ப் எட்டு. சிங்களத்தில் லே தித்தயா என்பார்கள். இதுவும் நம் தென்மேற்கு ஓடைகளின் மீன், இரண்டு அங்குலத்தைத் தாண்டாது, கிரிப்டோ நிழலில் ஆண் மீன் நன்றாகச் சிவக்கும். பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். தங்கமீன் வேண்டாம், செடியைக் கிளறிவிடும். பாசி தின்னும் என்று டாங்க் கிளீனர் என்ற மீனைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் கால்வாயில் விடுகிறவர்களால் நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டது. அதே காரணத்தால் நறுக்கிய செடியையும் வெள்ளவத்தைக் கால்வாயில் போடாதீர்கள், காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

கிழமைக்கு ஒரு தடவை

கால்வாசித் தண்ணீரை ஹோஸால் உறிஞ்சி எடுங்கள். எடுத்த தண்ணீர் பல்கனிக் கறிவேப்பிலைக்கு அருமையான உரம். ஸ்பொஞ்சைக் குழாயில் கழுவினால் குளோரின் பக்டீரியாவைக் கொன்றுவிடும், எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். பச்சைப் பாசி கூடினால் மருந்து தேடாமல் லைட்டை ஒரு மணித்தியாலம் குறையுங்கள், தீனியையும் குறையுங்கள். வெக்கைக் காலத்தில் மூடியைத் திறந்து, மேலே வலை போட்டு, சின்ன மின்விசிறியைத் தண்ணீர்மேல் வீசவிட்டால் ஓரிரு பாகை இறங்கும். ஆவியாவதை நிரப்ப மறக்கவேண்டாம். மின்வெட்டுக்கு ஒரு பற்றரிக் காற்றுப் பம்ப் இருந்தால் நிம்மதி. 2022 மாதிரி நீளமான மின்வெட்டு வந்தால் அருமை தெரியும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போகிறீர்களா? ஒரு கிழமை சாப்பாடு இல்லாமல் வளர்ந்த மீன் சமாளிக்கும். டைமர் ஓடட்டும், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே தண்ணீர் மாற்றிவிடுங்கள். பக்கத்து வீட்டு அன்ரி பாவம் பார்த்துப் பிடிபிடியாகத் தீனி போடுவார், அதனால் தீனி டப்பாவை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு போங்கள்.