டயர் தேய்மானம் காட்டிக்கொடுக்கும் கோளாறுகள்: கண்ணாலும் கையாலும் பார்ப்பது எப்படி?

என் காரின் முன் இடது டயரை வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) நன்றாகவே தெரிந்தது. பஞ்சர் ஒட்டக் கழற்றியபோதுதான் உள்விளிம்பில் ரப்பருக்குள் இருக்கும் கம்பி எட்டிப் பார்ப்பதைக் கண்டேன். அதற்கு முந்தைய வாரம்தான் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போய்வந்திருந்தேன். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை டயர்களுக்கென்று பத்து நிமிடம் ஒதுக்குகிறேன்.

1. காற்று

காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. அதுவரை அடிக்கக் கூடாது.

2. உள்விளிம்பு

சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, இன்ஜினை அணைத்து, கை பிரேக் போடுங்கள். முன் டயரின் முழு அகலமும் தெரியும். பிறகு மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். பின் டயர்களுக்குக் குனிந்து டார்ச் அடித்தால் போதும்.

3. ஆழம்

பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. பட்டன் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்காலத்தில் நான் அதுவரை காத்திருப்பதில்லை, 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுகிறேன். பள்ளம் ஆழமில்லாவிட்டால் தண்ணீர் வெளியேற வழியின்றி, டயர் தரையை விட்டு நீரின்மேல் மிதக்கத் தொடங்கும்.

4. தேய்ந்த விதம்

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. இவை இரண்டும் எளிதில் தீர்பவை.

ஒரே ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் சாய்ந்து ஓடுகிறது என்று பொருள். என் வண்டியில் நடந்தது இதுதான். அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்டிருக்கலாம், சாலைப் பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் (சக்கரத்தை வண்டியோடு இணைத்துக் குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) பாகம் வளைந்திருக்கலாம்.

அடுத்ததைக் கண்ணைவிடக் கைதான் நன்றாகக் கண்டுபிடிக்கும். கம்பி நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, பட்டன்மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லைப் போலவும் இருந்தால், சக்கரங்கள் நேராகப் பார்க்கவில்லை. இதற்கும் அலைன்மென்ட்தான்.

சுற்றுவாக்கில் தடவும்போது மேடும் குழியுமாகத் தட்டுப்பட்டால், குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம் அல்லது வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இருப்பது) போயிருக்கலாம். வேகம் கூடும்போது ஸ்டீயரிங் அதிர்ந்தால் முதலில் பேலன்சிங்கைப் பாருங்கள்.

பக்கவாட்டில் கொப்புளம் போலப் புடைத்திருந்தால் உள்ளே இழைகள் அறுந்திருக்கும். அதைச் சரிசெய்ய முடியாது. அங்கேயே ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

5. பட்டறையில்

தேய்ந்த டயரைத் தூக்கிப் போட்டுப் புதியதை மட்டும் மாட்டிவிடாதீர்கள். காரணம் அப்படியே இருந்தால் புதியதும் அதே ஓரத்தில் தேயும். அலைன்மென்ட்டுக்கு முன் சஸ்பென்ஷனின் இணைப்புகளான பால் ஜாயின்ட், புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டத்தோடு செய்த அலைன்மென்ட் நிற்காது. வேலை முடிந்ததும், செய்வதற்கு முன்னும் பின்னும் இருந்த அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி, கிலோமீட்டரைக் குறித்து வண்டியிலேயே வைத்திருங்கள். அடுத்த முறை அதே ஓரம் தேய்ந்தால், பேச்சை அந்தத் தாளிலிருந்தே தொடங்கலாம்.