தண்ணில எண்ணெ எவ்வளவு இருக்கு? மீட்டர் வாங்கறதுக்கு முன்னாடி இதப் படிங்க

கொழிஞ்சாம்பாறைல ஒரு தேங்காயெண்ணெ மில்லுக்கு மீட்டரத் தூக்கிட்டுப் போயி கழிவுத்தண்ணில விட்டேங்க, காட்டுனது சைபர். தொட்டில எண்ணெ பளபளன்னு மிதக்குது. "தம்பி, உங்க மெஷினுக்குக் கண்ணு தெரியாதா"ன்னு மில் அண்ணன் சிரிச்சுட்டாரு. தப்பு என்னோடதுதான். அது யூவி ஃப்ளூரசன்ஸ் மீட்டர், டீசல், இன்ஜின் ஆயில்ல இருக்கற அரோமேட்டிக் பொருள் (பென்சீன் வளையம் உள்ளது) புற ஊதா வெளிச்சம் பட்டா மினுங்கும், அந்த மினுக்கத்ததான் அது அளக்கும், தேங்காயெண்ணெல அளக்கற அளவுக்கு அந்தப் பொருள் ஏதுங்க? அதனால மொதல்ல என்ன எண்ணென்னு கேட்டுக்கங்க.

அடுத்து, அது எண்ணெதானான்னு பாக்கணும். வாளையார்ல லாரி நிக்கற எடத்துக் குட்டைல வானவில் கலர் தெரிஞ்சா குச்சியால கலைச்சு விடுங்க. திரும்ப ஒண்ணு சேந்தா எண்ணெ, செதில் செதிலா உடைஞ்சு அப்படியே நின்னா இரும்புச்சத்துல வளர்ற பாக்டீரியாவா இருக்கும். வானவில் கலர் காட்டற படலம் 0.3லருந்து 5 மைக்ரோமீட்டர் தடிமன்தான், ரொம்பப் பயப்படாதீங்க.

சாம்பிள் எடுக்கறதுலதான் பாதிப்பேரு கோட்ட விடுவாங்க. கண்ணாடி பாட்டில்தான் வேணும், பிளாஸ்டிக்ல எண்ணெ ஒட்டிக்கும். அதே தண்ணில பாட்டில அலசக்கூடாது, கழுத்து வரைக்கும் ரொப்பவும் கூடாது, தண்ணி நின்ன எடத்துல வெளிய ஒரு கோடு போட்டுக்கங்க. ஆசிட் விட்டு பிஹெச் 2க்குக் கீழ கொண்டுவந்து ஐஸ்ல வைங்க.

லேப்ல பாட்டில் மொத்தத்தையும் செப்பரேட்டிங் ஃபனல்ல (அடில குழாய் வெச்ச பிரிக்கற புனல்) ஊத்துங்க, பாதி ஊத்தி மீதிய வெக்கறது வேண்டாம். எண்ணெயக் கரைக்கற ஹெக்ஸேன்ங்கற திரவத்துல 30 மில்லி எடுத்து பாட்டில அலசி அதையும் ஊத்திக் குலுக்குங்க, நடுநடுவுல குழாயத் திறந்து கேஸ வெளிய விடணும், இல்லேன்னா மூடி தெறிச்சுரும். மேல நிக்கற ஹெக்ஸேன்லதான் எண்ணெ இருக்கும். இதே மாதிரி மூணு தடவ. சேந்தத சோடியம் சல்ஃபேட் வழியா வடிச்சு ஈரத்த எடுத்துட்டு, எடை போட்டு வெச்ச கிண்ணத்துல விட்டு வாட்டர் பாத்ல (சுடுதண்ணித் தொட்டி) ஹெக்ஸேன ஆவியாக்குங்க. ஹெக்ஸேன் சட்டுன்னு தீப்பிடிக்கும், கிட்ட அடுப்பே இருக்கக்கூடாது.

கணக்கு இவ்வளவுதான். காலிக் கிண்ணம் 52.3140 கிராம், ஆறினப்புறம் 52.3268, வித்தியாசம் 12.8 மில்லிகிராம். பாட்டில்ல அந்தக் கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி அளந்தா 950 மில்லி. 12.8ஐ 0.95ஆல வகுத்தா லிட்டருக்கு 13.5 மில்லிகிராம். ஆத்துல குளத்துல விடறதுக்கு நம்ம நாட்டுப் பொது வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம், அப்ப இந்தத் தண்ணிய விட முடியாது. கப்பல்காரங்களுக்கு 15 பிபிஎம் (தண்ணில கிட்டத்தட்ட லிட்டருக்கு 15 மில்லிகிராம்), அதுக்குன்னு அலாரமே வெச்சிருப்பாங்க.

மீட்டர்தான் வேணும்னா இன்ஃப்ராரெட் மீட்டர் தேங்காயெண்ணெ, இன்ஜின் ஆயில் ரெண்டுக்கும் ஆகும், ஏன்னா அது கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பப் பாக்குது, ஆனா ஹெக்ஸேன்லயும் அதே பிணைப்பு இருக்கறதால டெட்ராகுளோரோஎத்திலீன் மாதிரி வேற கரைப்பான் போடணும். வெளிச்சம் சிதறறத அளக்கற மீட்டர் வெல கம்மியா கெடைக்கும், சேறு கலந்தா அதையும் எண்ணென்னு சொல்லும், வாட்டர் சர்வீஸ் தண்ணிக்கெல்லாம் நான் அத எடுக்கறதே இல்ல. பெட்ரோல் கலந்த தண்ணிய மட்டும் கிண்ணத்துல எடை போடாதீங்க, ஹெக்ஸேனோட அதுவும் பறந்துரும்.