கார்டு அப்கிரேடுக்குச் சம்மதிக்கும் முன்னும் பின்னும்: கடன் அறிக்கையில் லிமிட்டைச் சரிபார்க்கும் முறை

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் சிறிய துணிக்கடை நடத்தும் என் மைத்துனர், தீபாவளிச் சரக்கு எடுக்கும் நேரத்தில் வந்த கிரெடிட் கார்டு அப்கிரேடுக்குச் சம்மதித்தார். லிமிட் 50,000 ரூபாயிலிருந்து 1,60,000 ரூபாயாக உயர்ந்தது. சில மாதங்கள் கழித்துக் கடைக்காகக் கடன் கேட்டபோதுதான், அவருடைய கடன் அறிக்கையில் (அவர் பெயரில் உள்ள கடன்கள், கார்டுகளின் வரலாற்றுப் பதிவில்) அந்தக் கார்டுக்கு எதிரே இன்னும் 50,000 என்றே இருப்பது தெரிய வந்தது. நிலுவை 40,000 ரூபாய் என்பதால், 25 சதவீதமாகத் தெரிய வேண்டிய பயன்பாடு, அதாவது லிமிட்டில் நிலுவையின் பங்கு, 80 சதவீதமாகத் தெரிந்தது. 30 சதவீதத்துக்குள் வைத்திருப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்லப்படும் நிலையில், ஒழுங்காகப் பணம் கட்டுகிறவரையே கழுத்தளவு கடனில் இருப்பவராக அது காட்டிவிட்டது.

படி 1: சம்மதிக்கும் முன் கேளுங்கள்

பழைய கணக்கே தொடருமா, அல்லது அதை மூடிவிட்டுப் புதிய கணக்கு திறப்பார்களா என்பதே முதல் கேள்வி. புதிய கணக்கு என்றால் பல ஆண்டுப் பழக்கமுள்ள கார்டு, அறிக்கையில் மூடப்பட்டதாகிவிடும். ஆண்டுக் கட்டணம் எவ்வளவு, புதிய விண்ணப்பமாகக் கருதி உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பார்ப்பார்களா என்பதையும் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்கிரேடு என்று சொல்லித் தொலைபேசியில் ஓ.டி.பி. கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

உங்கள் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் கார்டை அப்கிரேடு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. கேட்காமலே செய்து கட்டணமும் போட்டால், அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருவதோடு அதைப் போல் இரு மடங்கு அபராதமும் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.

படி 2: அறிக்கையை எடுத்துப் பாருங்கள்

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய, கடன் அறிக்கை தயாரிக்கும் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வங்கிகள் இவற்றுக்கு மாதத்துக்குக் குறைந்தது இரு முறை விவரம் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆகவே அப்கிரேடு ஆன மறுநாளே பார்க்காமல், இரண்டு மாதம் விட்டுப் பார்ப்பது போதும்.

அறிக்கையில் உங்கள் கார்டு உள்ள பகுதியில் 'கிரெடிட் லிமிட்', 'ஹை கிரெடிட்' என்று இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது வங்கி உங்களுக்குத் தந்த வரம்பு. இரண்டாவது அந்தக் கார்டில் நீங்கள் இதுவரை எட்டிய உச்ச நிலுவை. புதியவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். முதல் வரி வெறுமையாகவோ பழைய தொகையாகவோ இருந்தால், அது திருத்த வேண்டிய பிழை.

படி 3: திருத்தக் கேளுங்கள்

புதிய லிமிட் அச்சான ஸ்டேட்மென்ட்டை இணைத்து, வங்கிக்கும் அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். வங்கி உறுதி செய்யாமல் அந்த நிறுவனம் எண்ணை மாற்றாது. என் மைத்துனர் நிறுவனத்துக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்ததில் நாள்கள் வீணாயின. 30 நாள்களுக்குள் தீர்வு வராவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு.

அதன் பிறகும் அசையவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இதற்காகச் சென்னை ராஜாஜி சாலையில் உள்ள அவரது அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. புகாரை இணையத்திலேயே பதியலாம், உதவிக்கு 14448 என்ற எண் உள்ளது.