நிறுத்தும் வால்வு வேறு, அளவு வைக்கும் வால்வு வேறு

வால்வு வாங்கும் முன் ஒரு கேள்வியை முடிவு செய்துகொள்ளுங்கள்: அது ஓட்டத்தை நிறுத்தவா, அளவாக விடவா? குழாய் பராமரிப்பு வேலையில் நான் கழற்றும் கேட் வால்வுகள் பலவும், பாதி திறந்தே வைத்ததால் கெட்டவை.

கேட் வால்வுக்குள் ஒரு தகடு ஏறி இறங்குகிறது. முழுக்கத் திறந்தால் தகடு வழியை விட்டு விலகிவிடும், அழுத்தம் அநேகமாகக் குறையாது. பாதியில் நிறுத்தினாலோ, நீர் தகட்டின் அடிவிளிம்பை உரசிக்கொண்டு வேகமாகப் பாயும். தகடு அதிரும், விளிம்பும் சீட்டும் (மூடும்போது தகடு பதியும் இடம்) அரித்துப்போகும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் கசியத்தான் செய்யும். பைப் ரெஞ்ச் போட்டுத் திருகாதீர்கள், ஸ்பிண்டில் (சக்கரத்தோடு தகட்டை இணைக்கும் தண்டு) முறிந்துவிடும்.

அளவு வைக்க குளோப் வால்வு போடுங்கள். இதில் நீர் வளைந்து ஏறி, சீட்டின் துளை வழியே போகிறது; அதன் மேல் டிஸ்க் என்ற மூடி நேராக இறங்குகிறது. அதனால் சிறு திருப்பத்துக்கும் ஓட்டம் அளவாக மாறும். அழுத்தம் கொஞ்சம் குறையும், அது இதன் அமைப்பிலேயே உள்ளது. வால்வின் உடம்பில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். பெரும்பாலும் நீர் டிஸ்க்கின் அடியிலிருந்து வரும்படிதான் இருக்கும். மூடியபின் கிளாண்ட் (ஸ்பிண்டில் வெளியே வரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் பகுதி) பக்கம் அழுத்தம் இருக்காது.

பால் வால்வில் துளையிட்ட உருண்டை 90 பாகை திரும்பும். கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல். நிறுத்துவதற்கு எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் நீளமான குழாயில் சட்டென மூடக்கூடாது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை எஃகுக் குழாயில் திடீரென நிறுத்தினால், ஏற்கெனவே உள்ள அழுத்தத்தோடு இன்னும் 10 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல் எகிறும். குழாய் 'டங்'கென்று அடிப்பது அதனால்தான். அதைக் கேட்டும் அப்படியே விட்டால் இணைப்புகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும். மெதுவாக மூடுங்கள்.

நீரை ஒரே திசையில் மட்டும் விடும் 'நான்-ரிட்டர்ன்' வால்வைத் திருப்பி மாட்டினால் நீரே போகாது. உள்ளே கதவுபோல் ஆடித் திறக்கும் ஸ்விங் வகையைச் செங்குத்துக் குழாயில் போட்டால் ஓட்டம் மேல்நோக்கித்தான் இருக்க வேண்டும். கீழ்நோக்கி என்றால் கதவு தன் எடையால் மூடாது.

ஸ்பிண்டில் ஓரம் சொட்டினால் வால்வை மாற்ற அவசரப்படாதீர்கள். கிளாண்ட் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், சொட்டு நின்றதும் விடுங்கள். சக்கரம் திருப்பக் கடினமானால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். இறுக்கியும் நிற்கவில்லையா? லைனை மூடி, அழுத்தத்தை வடித்துவிட்டு, பேக்கிங்கை (கிளாண்டுக்குள் ஸ்பிண்டிலைச் சுற்றியுள்ள அடைப்புப் பொருள்) மாற்றுங்கள்.